பேட்டரியைச் சேமித்தால் ஏறிய உயரம் தப்பாகுமா?

கார்மின் ஃபீனிக்ஸ் 7 சஃபையர் சோலார் என்ற கைக்கடிகாரத்துக்கு அதன் தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் பேட்டரிக் கணக்கு இது. சூரிய ஒளியைச் சேர்க்காமல், ஜிபிஎஸ் மட்டும் போதும் என்றால் 57 மணி நேரம். எல்லா நாட்டுச் செயற்கைக்கோள் தொகுதிகளையும் கேட்கச் சொன்னால் 40 மணி நேரம். அவற்றையே இரண்டு அலைவரிசைகளில் கேட்கச் சொன்னால் 23 மணி நேரம். ‘அதிகபட்ச பேட்டரி’ என்ற முறைக்கு மாற்றினால் 136 மணி நேரம். கடிகாரமும் அதேதான், பேட்டரியும் அதேதான். ஒரு முறைக்கும் இன்னொரு முறைக்கும் நடுவே ஏறக்குறைய ஆறு மடங்கு வித்தியாசம்.

எதையோ விட்டுக்கொடுத்துத்தான் அந்த ஆறு மடங்கு கிடைக்கிறது. எதை என்பது பெட்டியில் எழுதியிருக்காது. மலையேறுபவர்களும் மலைச் சாலையில் சைக்கிள் மிதிப்பவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: பேட்டரியை மிச்சம் பிடிக்கும் முறையில் போட்டால் நான் ஏறிய உயரம் தப்பாகப் பதிவாகுமா? கடிகாரத்துக்குள் காற்றழுத்தமானி இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. இருந்தால், சிக்கனத்தில் முதலில் கெடுவது தூரம். உயரம் பெரும்பாலும் தப்பித்துவிடும். இல்லாவிட்டால் இரண்டும் கெடும், அதிலும் உயரம் மோசமாகக் கெடும்.

மின்சாரம் எங்கே போகிறது

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் தரையிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் வானொலி அலை நம் மணிக்கட்டை எட்டும்போது, சுற்றியுள்ள மின்னிரைச்சலைவிடவும் பலவீனமாகியிருக்கும். அந்த இரைச்சலுக்குள் ஒவ்வொரு செயற்கைக்கோளின் குறியீட்டையும் தேடிப் பிடிக்க வேண்டும். அலை புறப்பட்ட நேரத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியிலிருந்து தூரத்தைக் கணக்கிட வேண்டும். குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் தூரங்களை வைத்து நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இவ்வளவையும் சாதாரண முறையில் கடிகாரம் நொடிக்கு ஒரு தடவை செய்துகொண்டே இருக்கிறது. மூன்று திசைக்கு மூன்று செயற்கைக்கோள் போதாதா என்று தோன்றலாம். நம் கையில் இருப்பது அணுக்கடிகாரம் இல்லை; அதன் நேரப் பிழையும் தெரியாத ஓர் எண்தான். அதைக் கண்டுபிடிக்கவே நான்காவது.

ஆக, செலவைக் குறைக்க இரண்டு வழிகள்தான் உண்டு. குறைவான செயற்கைக்கோள்களைக் கேட்பது ஒன்று, குறைவான நேரம் கேட்பது மற்றொன்று.

முதல் வழியில் பெரிய இழப்பு இல்லை. அமெரிக்காவின் ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்பது, வானத்தில் பாதி மறைந்திருக்கும் இடத்துக்குத்தான் அவசியம். சோலைக்காட்டின் மரக்கூரைக்குக் கீழே, ஒரு பக்கம் பாறைச் சுவர் எழும்பி நிற்கும் பாதையில், அடுக்குமாடிகளுக்கு நடுவில் அது கைகொடுக்கும். இரட்டை அலைவரிசை இன்னும் ஒரு படி மேலே போகிறது. எல்1 எனப்படும் 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலையோடு எல்5 எனப்படும் 1176.45 மெகாஹெர்ட்ஸ் அலையையும் அது கேட்கிறது. பாறையில் பட்டுத் தெறித்து வரும் அலை நேர்வழியைவிடக் கூடுதல் தூரம் பயணம் செய்திருக்கும். அதை நேராக வந்த அலை என்று நம்பினால் நாம் நிற்காத இடத்தில் நிற்பதாகக் கடிகாரம் காட்டும். எல்5 குறியீடு பத்து மடங்கு வேகமாகத் துடிப்பதால், நேராக வந்ததையும் தெறித்து வந்ததையும் பிரித்தறிவது எளிது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் தலைக்கு மேல் வானம் முழுவதும் திறந்திருக்கும்போது இரட்டை அலைவரிசையைப் போட்டுக்கொண்டு ஓடுவதில் ஒரு பயனும் இல்லை என்பது என் கருத்து. இடத்தைப் பார்த்துத் தானே மாற்றிக்கொள்ளும் தானியங்கி முறை உங்கள் கடிகாரத்தில் இருந்தால் அதில் விட்டுவிடலாம்.

இரண்டாவது வழிதான் விவகாரமானது. ஜிபிஎஸ்ஸைச் சிறிது நேரம் இயக்கிவிட்டு அணைத்துவிடுவது, பிறகு மீண்டும் எழுப்புவது. கார்மினில் இதற்கு அல்ட்ராட்ராக் என்று பெயர். கோரோஸ் நிறுவனத்தின் அல்ட்ராமேக்ஸ் முறை, இரண்டு நிமிடத்தில் 30 நொடி மட்டும் ஜிபிஎஸ்ஸை இயக்கி, மீதி 90 நொடியைக் கையசைவை அறியும் சென்சாரை வைத்து ஊகித்து நிரப்புகிறது. பல நாள் பயணத்துக்கென இருக்கும் ‘எக்ஸ்பெடிஷன்’ வகை முறைகள் மணிக்கு ஒரு புள்ளி என்ற அளவுக்கு இறங்கிவிடும்.

கொல்லிமலைச் சாலையை எடுத்துக்கொள்வோம். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். சைக்கிளில் இறங்கும்போது மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் என்றால், நிமிடத்துக்கு 500 மீட்டர். நிமிடத்துக்கு ஒரு புள்ளி மட்டும் பதிவானால், இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் ஒரு வளைவு, சில இடங்களில் இரண்டு வளைவுகள் முழுதாக விழுங்கப்பட்டுவிடும். வரைபடத்தில் சாலை இருக்கும், உங்கள் பாதை அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு பள்ளத்தாக்கின் மேல் பறந்திருக்கும். தூரம் குறைவாகவே வரும். நடப்பவருக்கும் ஓடுபவருக்கும் அடி எண்ணிக்கையை வைத்து இடைவெளியை ஓரளவு நிரப்ப முடியும். ஆனால் கடிகாரம் உங்கள் அடியின் நீளத்தைச் சமதரையில்தான் பெரும்பாலும் கற்றிருக்கும். செங்குத்தான ஏற்றத்தில் அடி குறுகும், கை மலையேற்றக் கம்பைப் பிடித்திருக்கும். ஊகம் தடுமாறுவது அங்கேதான். சைக்கிளில் எண்ணுவதற்கு அடியே இல்லை.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு அமைப்பு உண்டு. ‘ஸ்மார்ட் ரெக்கார்டிங்’ என்பது ஜிபிஎஸ்ஸை அணைப்பதில்லை. கிடைத்த புள்ளிகளில் எதைக் கோப்பில் எழுதுவது என்று தேர்ந்தெடுக்கிறது, அவ்வளவுதான். மிச்சமாவது நினைவக இடம். பேட்டரிக்காக அதில் கை வைப்பது வீண்வேலை.

உயரம் மூன்று இடங்களிலிருந்து வருகிறது

கடிகாரம் காட்டும் உயரத்துக்கு மூன்று ஊற்றுகள் இருக்கலாம்: செயற்கைக்கோள், காற்று, வரைபடம்.

செயற்கைக்கோள் தரும் உயரம் எப்போதும் இடத்தைவிட மோசமாகவே இருக்கும். ஒன்றரை மடங்கிலிருந்து மூன்று மடங்கு வரை பிழை கூடுதல் என்று பொதுவாகச் சொல்வார்கள். காரணம் எளிது. கிழக்கில் ஒரு செயற்கைக்கோள், மேற்கில் ஒன்று என்று இருக்கும்போது இருபுறப் பிழைகளும் ஒன்றையொன்று இழுத்துச் சமன் செய்கின்றன. மேலே இருப்பவற்றின் பிழையைச் சமன் செய்யக் கீழே எதுவும் இல்லை, பூமி மறைத்துக்கொள்கிறது.

இதில் நம் பகுதிக்கென்று ஒரு சிக்கல் வேறு. ஜிபிஎஸ் அளப்பது கடல்மட்டத்திலிருந்து அல்ல. பூமியைச் சற்றுத் தட்டையான உருண்டையாகக் கற்பனை செய்துகொண்ட ஒரு கணிதப் பரப்பிலிருந்து. உண்மையான கடல்மட்டம் ஈர்ப்பு விசைக்கு ஏற்ப அந்தப் பரப்புக்கு மேலும் கீழுமாக நெளிகிறது. உலகிலேயே மிகப் பெரிய தாழ்வு இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. கணிதப் பரப்புக்குச் சுமார் 106 மீட்டர் கீழே. அந்தத் தாழ்வின் சரிவில்தான் நாமும் இருக்கிறோம். சென்னைக் கடற்கரையில் நிற்பவரின் உயரம் திருத்தப்படாத ஜிபிஎஸ் கணக்கில் கழித்தல் 90 மீட்டரையொட்டி வரும். கடிகாரங்கள் உள்ளேயே ஓர் அட்டவணையை வைத்து இதைத் திருத்திவிடுகின்றன. எங்காவது ஒரு பழைய கருவியோ செயலியோ மெரினாவைக் கடலுக்கடியில் காட்டினால் பதற வேண்டாம். அந்தத் திருத்தம் விடுபட்டிருக்கிறது.

மூன்றாவதான வரைபடத்தை இங்கேயே முடித்துவிடுகிறேன். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடாரால் பூமியின் பெரும்பகுதியை அளந்தது. அந்த அளவீடும் அதைப் போன்ற பிறவும் இன்று உயர வரைபடங்களாகக் கிடைக்கின்றன. நீங்கள் நிற்கும் இடத்தைச் சொன்னால் வரைபடம் அதன் உயரத்தைச் சொல்லும். சமவெளியில் அருமையாக வேலை செய்யும். பாம்பன் பாலத்தில் சென்றால் பாலத்தின் உயரத்தைக் காட்டுமா, கீழே உள்ள கடலின் உயரத்தைக் காட்டுமா என்று யோசித்துப் பார்த்தால் அதன் பலவீனம் புரியும். செங்குத்தான மலைச்சரிவில் இன்னும் ஆபத்து. அங்கே இடம் பத்து மீட்டர் பக்கவாட்டில் பிசகினால் உயரம் பல மீட்டர் பிசகும்.

காற்றை எடை போடும் முறை

காற்றழுத்தமானியின் கதை ஜிபிஎஸ்ஸைவிட முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பழையது. 1648 செப்டம்பர் 19 அன்று பிரான்ஸில் புய் டி டோம் என்ற மலைக்கு, விஞ்ஞானி பிளேஸ் பாஸ்கல் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, அவருடைய மைத்துனர் ஃப்ளோரின் பெரியே பாதரசக் குழாயைத் தூக்கிக்கொண்டு ஏறினார். உச்சியில் பாதரச மட்டம் தாழ்ந்திருந்தது. உயரம் கூடினால் மேலே இருக்கும் காற்றின் எடை குறைகிறது என்பதற்கு அது சான்று. அந்தச் சோதனையில் எனக்குப் பிடித்த பகுதி உச்சி அல்ல, அடிவாரம். கீழே மடத்தில் இன்னொரு குழாயை வைத்து, நாள் முழுவதும் அதன் மட்டம் மாறுகிறதா என்று கவனித்துக்கொண்டிருக்க ஒரு துறவியை நியமித்துவிட்டுத்தான் பெரியே ஏறினார். மாறவில்லை. ஆகவே மேலே தெரிந்த மாற்றம் வானிலையால் வந்ததல்ல, உயரத்தால் வந்தது என்று உறுதியாயிற்று.

நம் கடிகாரத்தில் மேலே போகும் குழாய் மட்டும் இருக்கிறது. அடிவாரத்தில் துறவி இல்லை. காற்றழுத்த உயரத்தின் நிறைகுறைகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன.

முதலில் நிறை. கடல்மட்டத்தில் ஏறக்குறைய எட்டரை மீட்டர் ஏறினால் அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தின் அலகு) குறையும். மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டரில் இருக்கிறது, உதகை ரயில் நிலையம் சுமார் 2,200 மீட்டரில். நீலகிரி மலை ரயிலில் போனால், எந்த உயரத்தில் எவ்வளவு காற்றழுத்தம் என்று சொல்லும் பொது அட்டவணைப்படி அழுத்தம் 975 ஹெக்டோபாஸ்கலிலிருந்து 775 அளவுக்கு இறங்கும். இவ்வளவு பெரிய மாற்றத்தில், ஒரு மாடிப்படியின் சில படிகள் அளவுள்ள வித்தியாசத்தைக்கூட இன்றைய சில்லுகள் உணர்ந்துவிடும். அதற்கு அவை எடுக்கும் மின்சாரம் மிகச் சொற்பம். பாஷ் நிறுவனத்தின் பிஎம்பி280 என்ற பரவலான சில்லு, நொடிக்கு ஒரு தடவை அளக்கும்போது 2.7 மைக்ரோஆம்பியர்தான் எடுக்கிறது. ஜிபிஎஸ் சில்லின் செலவை மில்லியாம்பியரில் எண்ண வேண்டும். ஆயிரம் மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அதனால் பேட்டரியைச் சேமிக்க வேண்டும் என்றால் தயாரிப்பாளர்கள் பொதுவாகக் காற்றழுத்தமானியில் கை வைப்பதில்லை. ஜிபிஎஸ் தூங்கும்போதும் அது விழித்திருக்கிறது. உயரம் தப்பிக்கும் என்று தொடக்கத்தில் சொன்னதற்குக் காரணம் இதுவே.

இனி குறை. அழுத்தம் மாறினால் கடிகாரத்துக்குத் தெரியும். ஏன் மாறியது என்று தெரியாது. புயல் சின்னம் நெருங்கினால் அழுத்தம் இறங்கும். மேசைமேல் கிடக்கும் கடிகாரம் தான் மலையேறிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ளும். புயல் வராத நாளிலும் நம் வெப்பமண்டலத்தில் காற்றுக்கு ஒரு தினசரி ஏற்றவற்றம் உண்டு. காலை பத்து மணி வாக்கில் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், மாலை நான்கு மணி வாக்கில் தாழ்ந்திருக்கும். இரவு பத்துக்கும் அதிகாலை நான்குக்கும் அதே ஏற்ற இறக்கம் மறுபடி. காலை பத்திலிருந்து மாலை நான்குக்குள் வீழ்ச்சி மூன்று, நான்கு ஹெக்டோபாஸ்கல் வரை போகும். உயரமாக மாற்றினால் 25 முதல் 35 மீட்டர். பத்து மணிக்குப் புறப்பட்டு நான்கு மணிக்கு அதே மரத்தடிக்குத் திரும்பியவரின் கடிகாரம், மரம் முப்பது மீட்டர் வளர்ந்துவிட்டதாகச் சொன்னால் கருவியில் கோளாறு என்று எண்ண வேண்டியதில்லை. ஐரோப்பாவிலும் இந்த ஏற்றவற்றம் உண்டு. ஆனால் மிகச் சிறியது, அங்கே வானிலை மாற்றங்கள் அதை மூழ்கடித்துவிடும். அங்கிருப்பவர்கள் எழுதும் பயனர் குறிப்புகளில் இது அதிகம் வராததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

வெப்பமும் கணக்கைக் கெடுக்கும். அழுத்தத்தை உயரமாக மாற்றும் சூத்திரம், கடல்மட்டத்தில் 15 டிகிரி, மேலே போகப் போகக் கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி குறைவு என்ற ஒரு திட்டக் காற்றை எடுத்துக்கொள்கிறது. நம் ஊர்க் காற்று அதைவிட வெப்பமானது. வெப்பக் காற்று இலேசானது. அதே அழுத்த வித்தியாசத்துக்கு அதிக உயரம் ஏற வேண்டும். விமானிகள் 10 டிகிரிக்கு 4 சதவீதம் என்று மனக்கணக்கு வைத்திருப்பார்கள். மேட்டுப்பாளையத்தில் 30 டிகிரி, உதகையில் 18 டிகிரி உள்ள ஒரு நாளில் சராசரிக் காற்று திட்டக் காற்றைவிட ஏறக்குறைய 17 டிகிரி கூடுதல் வெப்பம். கடிகாரம் ஏற்றத்தை 6, 7 சதவீதம் வரை குறைத்துக் காட்டும். 1,870 மீட்டர் ஏறியவருக்கு நூறு மீட்டருக்கு மேல் பறிபோகும். ஜிபிஎஸ்ஸோ வரைபடமோ இடையிடையே திருத்திக் கொடுத்தால் இது தெரியாது. தனியாக விடப்பட்ட காற்றழுத்தமானியில் தெரியும்.

சரி, விமானத்துக்குள் இருக்கும்போது கடிகாரம் ஏன் 2,000 மீட்டரைச் சுற்றி ஓர் எண்ணைக் காட்டுகிறது, நாம் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறோமே என்று சிலர் கேட்பார்கள். பயணிகள் அறையின் அழுத்தத்தை அந்த அளவில்தான் வைத்திருக்கிறார்கள். கடிகாரம் உண்மையைத்தான் சொல்கிறது, அறையைப் பற்றி.

மொத்த ஏற்றம் என்ற பொல்லாத எண்

நிற்கும் உயரம் ஓர் எண். மொத்தம் ஏறிய உயரம் வேறோர் எண். ஓட்டக்காரர்கள் பெருமைப்படுவதும் சண்டையிடுவதும் இரண்டாவதைப் பற்றி. அதைக் கணக்கிடும்போது ஏறியதெல்லாம் கூட்டப்படும், இறங்கியது கழிக்கப்படாது. வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாத கணக்குப்பிள்ளையைப் போல, சின்னச் சின்னத் தடுமாற்றங்களெல்லாம் அதில் வரவாகச் சேர்ந்துகொண்டே போகும்.

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பெரிய ஏற்ற இறக்கம் கிடையாது. காற்றழுத்தமானி இல்லாத கடிகாரத்தோடு மூன்று மணி நேரத்தில் ஒருவர் சுற்றி வருகிறார் என்று கொள்வோம். ஜிபிஎஸ் உயரம் நிமிடத்துக்கு ஒரு முறை மூன்று மீட்டர் மேலே போய்க் கீழே வந்தால், அது அசாதாரணமான தடுமாற்றமே இல்லை. 180 நிமிடம், தலா மூன்று மீட்டர்: 540 மீட்டர் ஏற்றம். மலையைச் சுற்றி மட்டும் நடந்தவர், கடல்மட்டத்திலிருந்து 814 மீட்டர் உயரமுள்ள அண்ணாமலையில் பெரும்பகுதி ஏறிவிட்டதாகக் கணக்கு வரும்.

இதனால்தான் செயலிகள் ஒரு வாசல் வைக்கின்றன. அதைத் தாண்டாத சிறு ஏற்றங்களை எண்ணுவதில்லை. ஸ்ட்ராவா செயலி, காற்றழுத்தத் தரவு இருந்தால் 2 மீட்டருக்கு மேல் தொடர்ந்து ஏறியதை எண்ணும்; இல்லாவிட்டால் 10 மீட்டருக்கு மேல் ஏறியதை மட்டும்தான் எண்ணும். ஒரே பாதையில் சேர்ந்து ஓடிய இரண்டு நண்பர்களுக்கு இரண்டு ஏற்றங்கள் வருவதில் வியப்பில்லை. ஒவ்வொரு தயாரிப்பாளரின் வாசலும் வேறு.

இப்போது சிக்கன முறையை இதன்மேல் வைத்துப் பார்க்கலாம். காற்றழுத்தமானி இல்லாத கடிகாரத்தில் ஜிபிஎஸ் விட்டுவிட்டு விழிக்கும்போது, ஒவ்வொரு முறையும் செயற்கைக்கோள்களைப் புதிதாகப் பிடித்து நிலைபெற வேண்டும். கடைசியில் நிலைபெறுவது உயரம்தான். மரத்தடியில் அது நிலைபெறுவதற்குள் மறுபடி அணைக்கும் நேரம் வந்துவிடும். நடுவே ஏறி இறங்கிய மேடுகள் பதிவாகாது. பதிவான புள்ளிகளோ தடுமாறியவை. மொத்த ஏற்றம் கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம். எந்தப் பக்கம் பிழை என்றுகூடச் சொல்ல முடியாத எண்ணை வைத்துக்கொண்டு செய்வதற்கு ஒன்றுமில்லை.

காற்றழுத்தமானி உள்ள கடிகாரத்தில் நிலைமை வேறு. அல்ட்ராட்ராக் போன்ற முறைகளிலும் ஏற்றம் நன்றாகவே வரும். ஆனால் ஏற்றத்தைத் தூரத்தால் வகுத்து வரும் எண்கள் கெடும். சாலையில் 10 கிலோமீட்டரில் 700 மீட்டர் ஏறினால் சரிவு 7 சதவீதம். வளைவுகள் விழுங்கப்பட்டுத் தூரம் 8 கிலோமீட்டர் என்று பதிவானால் அதே சாலை 8.75 சதவீதமாகிவிடும். இன்னொரு சிக்கல் தானியங்கித் திருத்தம். பதிவின் நடுவே உயரத்தைத் தொடர்ந்து திருத்திக்கொள்ளும் அமைப்பு, ஜிபிஎஸ்ஸும் வரைபடமும் சொல்வதை நம்புகிறது. ஜிபிஎஸ் அரைத் தூக்கத்தில் தவறான சரிவில் நிற்பதாகச் சொன்னால், நன்றாக வேலை செய்துகொண்டிருந்த காற்றழுத்தமானியை அது தவறான பக்கம் இழுக்கும். விட்டுவிட்டு இயங்கும் முறையில் போகிறீர்கள் என்றால் தொடர் திருத்தத்தை அணைத்து, தொடக்கத்தில் மட்டும் திருத்தும்படி வைப்பது நல்லது. மணிக்கு ஒரு புள்ளி முறையில் இந்த அறிவுரைக்கும் பயனில்லை. பதிவே மணிக்கு ஒன்று என்றால், அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஏறி இறங்கிய முந்நூறு மீட்டர் மலை பதிவில் இருக்காது. அந்த முறை வழி தவறாமல் இருப்பதற்கு, அளப்பதற்கு அல்ல.

எந்த முறையை எப்போது

சேமிப்பை ஜிபிஎஸ்ஸில் தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதே ஃபீனிக்ஸ் 7 எல்லாத் தொகுதிகளோடும் 40 மணி நேரம் ஓடும் என்று பார்த்தோம். பாட்டையும் சேர்த்து ஓடவிட்டால் 10 மணி நேரம்தான் என்கிறது அதே கணக்கு. நான்கில் மூன்று பங்கு போய்விடுகிறது. எப்போதும் எரியும் திரை, போனிலிருந்து வரும் அறிவிப்புகள், இரத்த ஆக்சிஜன் அளவீடு, மணிக்கட்டில் பச்சை விளக்கைப் போட்டு இதயத்துடிப்பை எண்ணுவது: இவற்றையெல்லாம் குறைத்தபிறகும் போதவில்லை என்றால் இரட்டை அலைவரிசையை விடுங்கள். பிறகு ஜிபிஎஸ் மட்டும் என்ற முறைக்கு வாருங்கள். விட்டுவிட்டு இயங்கும் முறை கடைசி.

கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு பந்தயம். ஆல்ப்ஸ் மலையில் மோன் பிளாங்கைச் சுற்றும் யுடிஎம்பி ஓட்டம் 170 கிலோமீட்டருக்கு மேல், சுமார் 10,000 மீட்டர் ஏற்றம், நேர வரம்பு 46 மணி 30 நிமிடம். முன்னணி ஓட்டக்காரர்கள் 20 மணி நேரத்தையொட்டி முடித்துவிடுவார்கள். அவர்களுக்கு 23 மணி நேர இரட்டை அலைவரிசை போதும். வரம்பை ஒட்டி முடிப்பவருக்கு 40 மணி நேரமும் போதாது, ஜிபிஎஸ் மட்டும் என்றால் 57 மணி நேரம், தாராளமாகப் போதும். அவருக்கும் அல்ட்ராட்ராக் தேவையில்லை. நீண்ட தூரம் என்ற சொல்லைக் கேட்டதும் உச்சகட்டச் சிக்கனத்துக்குத் தாவுகிறவர்கள் இந்தக் கழித்தலை ஒரு முறை செய்து பார்க்கலாம். பேட்டரி பழசாகியிருந்தால் தயாரிப்பாளர் சொன்ன நேரத்தில் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். கடிகாரத்தின் பேட்டரி சிறியது. உணவு நிறுத்தத்தில் பவர் பேங்கில் அரை மணி நேரம் போட்டால்கூட நன்றாக ஏறிவிடும்.

புறப்படுமுன் கடிகாரத்தைப் போனோடு ஒரு தடவை இணைத்துவிடுங்கள். செயற்கைக்கோள்கள் எங்கெங்கே இருக்கும் என்ற முன்கணிப்புக் கோப்பு அப்போது இறங்கும். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் இருப்பிடத்தைச் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். நொடிக்கு 50 பிட் என்ற வேகத்தில் வரும் செய்தி அது. தடையின்றிக் கேட்டாலே அரை நிமிடம் ஆகும்.

உயரத்தைத் திருத்திவிட்டுத் தொடங்குவது சிக்கன முறையில் இரட்டிப்பு முக்கியம். அதற்கு நம் நாட்டில் ஓர் அருமையான வசதி இருக்கிறது: ரயில் நிலையத்தின் மஞ்சள் பலகை. ஊர்ப் பெயருக்குக் கீழே கடல்மட்டத்திலிருந்து உயரம் மீட்டரில் எழுதியிருக்கும். அதைக் கடிகாரத்தில் உள்ளிட்டுவிட்டு ஏறத் தொடங்கலாம். சுற்றுலாப் பலகைகளை மட்டும் நம்ப வேண்டாம். லடாக்கின் கர்துங்லா கணவாயில் வருபவர்கள் எல்லாரும் படமெடுத்துக்கொள்ளும் பலகை 18,380 அடி, அதாவது 5,602 மீட்டர் என்றது. ஜிபிஎஸ் அளவீடுகளில் அது 5,359 மீட்டர். பலகையை நம்பித் திருத்திய கடிகாரம் அன்று முழுவதும் 240 மீட்டர் பொய் சொல்லியிருக்கும்.

காற்றழுத்தமானிக்குக் காற்று போக, கடிகாரத்தின் பக்கவாட்டிலோ பின்புறத்திலோ ஊசிமுனை அளவில் சில துளைகள் இருக்கும். வியர்வை உப்பும் சன்ஸ்கிரீனும் சேறும் அவற்றை அடைத்தால், உயரக்கோடு ஒரே மட்டத்தில் உறைந்து நிற்கும், அல்லது திடீரென்று குதிக்கும். வெதுவெதுப்பான நீரில் அலசிக் காயவிட்டால் போதும். குண்டூசியால் குத்தினால் உள்ளே இருக்கும் மெல்லிய தடுப்பு கிழியும். மழைக் கோட்டின் இறுக்கமான கைக்குள் கடிகாரத்தை மூடி வைத்தாலும், பலத்த காற்று நேராகத் துளையில் அடித்தாலும் உயரம் சில மீட்டர் ஆடும்.

வீடு திரும்பியபின் செயலியில் ‘உயரத்தைத் திருத்து’ என்ற பொத்தான் கண்ணில் படும். அது உங்கள் பதிவின் உயரங்களையெல்லாம் எடுத்துவிட்டு வரைபடத்திலிருந்து வேறு உயரங்களை நிரப்புகிறது. காற்றழுத்தமானி இல்லாத கடிகாரம், முழு ஜிபிஎஸ்ஸோடு பதிவு செய்த பாதை என்றால் அழுத்துங்கள்; கிடைப்பது முன்பிருந்ததைவிட நன்றாகவே இருக்கும். காற்றழுத்தமானி உள்ளதென்றால், துளை அடைத்துக்கொண்ட நாளைத் தவிர, தொடாதீர்கள். சிக்கன முறையில் பதிவு செய்த மலைப்பாதையில் எந்தக் கடிகாரமாக இருந்தாலும் அழுத்த வேண்டாம். பள்ளத்தாக்கைக் குறுக்கே வெட்டிச் செல்லும் அந்தக் கோட்டுக்கு வரைபடம் பள்ளத்தாக்கின் உயரத்தையே நிரப்பும். கொல்லிமலையின் ஒவ்வொரு வளைவிலும் நீங்கள் ஒரு தடவை கீழே இறங்கி மேலே ஏறியதாகக் கணக்கு வந்துவிடும்.